பலெர்மோவில் படிக்க வந்தவருக்கு முதல் பதினைந்து நாள்

நாள் 1, ஞாயிறு

விமானம் கடலை உரசிக்கொண்டுதான் இறங்கும். ஒரு பக்கம் செங்குத்தான பாறை மலை, மறுபக்கம் நீர், நடுவில் புந்தா ராய்சி ஓடுபாதை. இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரம் இங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். விமான நிலையத்துக்கு ஃபல்கோனே, போர்செல்லீனோ என்ற இரண்டு நீதிபதிகளின் பெயர். 1992-ல் மே 23 அன்று ஒருவரையும் ஜூலை 19 அன்று மற்றவரையும் மாஃபியா குண்டு வைத்துக் கொன்றது. இருவருமே பலெர்மோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்கள். ஊருக்குள் போகும் ரயில், முதல் குண்டு வெடித்த கபாச்சி வழியாகத்தான் போகிறது. படிக்க வருகிறவர் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. வகுப்பிலும் தெருவிலும் இவை அடிக்கடி காதில் விழும்.

ரயிலில் கடைசி நிறுத்தமான சென்ட்ரலே வரை போக வேண்டும் என்பதில்லை. பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில் தங்குகிறவர்கள் பலாத்சோ ரெயாலே–ஓர்லெயான்ஸ் நிலையத்தில் இறங்கிவிடலாம். காகித டிக்கெட் என்றால் நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் தேதி முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டியவர்கள் ஏராளம்.

போர்டிங் பாஸைத் தூக்கி எறிய வேண்டாம். வேறொரு ஷெங்கன் நாட்டில், அதாவது பொது விசாவில் சேர்ந்த ஐரோப்பிய நாடு ஒன்றில், விமானம் மாறி வந்திருந்தால் பாஸ்போர்ட்டில் அந்த நாட்டு முத்திரைதான் இருக்கும். இத்தாலிக்குள் எந்த நாளில் வந்தீர்கள் என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி. தங்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தை, வந்ததிலிருந்து 8 வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். இன்று ஞாயிறு. சனி, ஞாயிறைக் கழித்துக் கணக்குப் பார்த்தால் அடுத்த வாரம் புதனோடு கெடு முடிகிறது. இனி எழுதுவதெல்லாம் அந்தப் புதனை வைத்துத்தான்.

நாள் 2, திங்கள்

முதல் காகிதம் கோதிச்சே ஃபிஸ்காலே, அதாவது வரி எண். இது இல்லாமல் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய முடியாது, வங்கிக் கணக்கும் திறக்க முடியாது. வரி அலுவலகமான அஜென்சியா தெல்லே எந்த்ராத்தேயில் இணையத்தில் நேரம் குறித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டும் விசா பக்கத்தின் நகலும் எடுத்துப் போகவேண்டும். கட்டணம் கிடையாது.

அந்த எண் 16 இடம் கொண்டது. குடும்பப் பெயரிலிருந்து மூன்று எழுத்து, சொந்தப் பெயரிலிருந்து மூன்று, பிறந்த ஆண்டுக்கு இரண்டு, மாதத்துக்கு ஒன்று, தேதிக்கு இரண்டு, பிறந்த இடத்துக்கு நான்கு, கடைசியில் சரிபார்ப்பு எழுத்து ஒன்று. 2004 ஆகஸ்ட் 12-ல் பிறந்த பெண்ணுக்கு நடுப்பகுதி 04எம்52 என்று வரும். ஆகஸ்டுக்கு எம். பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டுவார்கள், அதனால் 12 என்பது 52 ஆகிறது. பிறந்தது இந்தியா என்றால் அடுத்த நான்கு இசட்222, இலங்கை என்றால் இசட்209. வாங்கிய கையோடு அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் அதே மேசையில் திருத்திவிடலாம். வெளியே வந்துவிட்டால் அந்தப் பிழை வங்கி, பல்கலைக்கழகம், மருத்துவப் பதிவு என்று எல்லா இடத்துக்கும் கூடவே வரும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். பட்டச் சான்றிதழிலோ வெறும் இனிஷியல். இத்தாலியப் படிவம் ஒவ்வொன்றும் இரண்டு கட்டம் வைத்திருக்கிறது, இரண்டையும் நிரப்பச் சொல்கிறது. விசாவில் பெயரை எப்படிப் பிரித்திருக்கிறார்களோ அதே பிரிப்பை எல்லா இடத்திலும் எழுதுங்கள். அலுவலகத்துக்கு ஒரு விதமாக எழுதினால் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள்.

நாள் 3, செவ்வாய்

வீடு. வளாகத்தைச் சுற்றியுள்ள சுவர்களிலும் கம்பங்களிலும் அஃபித்தாசி, அதாவது வாடகைக்கு, என்று தலைப்பிட்ட காகிதங்கள் தொங்கும். அடிப்பகுதியைக் கீறிக் கீறி, கிழித்துக்கொள்ளும் துண்டுகளில் தொலைபேசி எண் எழுதியிருப்பார்கள். வாடகை மிலானில் கேட்பதில் பாதியளவுதான். அந்த மகிழ்ச்சியில் அவசரப்பட்டுக் கை நனைத்துவிட வேண்டாம்.

பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது தண்ணீர். பலெர்மோவில் குழாய் நீர் எல்லா நேரமும் வராது, 2024 அக்டோபரில் வறட்சியால் முறைவைத்தே விட்டார்கள். கட்டடத்துக்கு மாடித் தொட்டி இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று கேளுங்கள். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது ஓதம். பழைய நகரத்து வீடுகளுக்குச் சுவர் தடிமன், கூரை உயரம், சூடேற்றும் வசதி பெரும்பாலும் இல்லை. ஜனவரியில் வெளியே வெயில் அடிக்கும்போதும் உள்ளே குளிர் எலும்பைப் பிடிக்கும். அலமாரியைச் சற்று நகர்த்தி அதன் பின்சுவரைப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை இருந்தால் அங்கேதான் தெரியும்.

மூன்றாவது மின்சாரம். வீட்டு இணைப்பு வழக்கமாக 3 கிலோவாட். மின்னடுப்புக்கு 2, வெந்நீர்க் கலத்துக்கு ஒன்றேகால் ஒன்றரை, தலைமுடி உலர்த்திக்கு இன்னொரு 2. இவற்றில் இரண்டைச் சேர்த்துப் போட்டாலே மீட்டர் விழுந்துவிடக்கூடும். மீட்டர் பல கட்டடங்களில் தரைத்தளத்துப் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. அந்தச் சாவியின் நகலையும் வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். குளிக்கப் போகும் முன் அடுப்பை அணை, சமைக்கும் முன் வெந்நீர்க் கலத்தை அணை. உடன் தங்குகிறவர்களோடு இந்த ஒரு விதியை முதல் நாளே பேசிவிட்டால் இருட்டில் மாடிப்படி இறங்க வேண்டியிருக்காது.

நாள் 4, புதன்

ஒப்பந்தம். மாணவர்களுக்கென்று தனி வகை இருக்கிறது, 6 மாதம் முதல் 36 மாதம் வரை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கையெழுத்தான 30 நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் வாடகையைக் குறைத்துத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். மாதம் முப்பது நாற்பது யூரோ மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் முகவரிக்கு அத்தாட்சி போயிற்று, உதவித்தொகையில் வெளியூர் மாணவருக்கான கூடுதல் தொகையும் போயிற்று. அது மிச்சமான வாடகையைப்போல் பல மடங்கு. பதிவு செய்யாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

குப்பை வரியும் கட்டடப் பொதுச் செலவும் யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சாவி கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டியது ஒன்று: கீழே அழைப்பு மணிப் பலகையிலும் கடிதப் பெட்டியிலும் உங்கள் பெயரை ஒட்டுவது. இத்தாலியில் வீட்டுக்கு உள் எண் எழுதுகிற வழக்கம் குறைவு. தபால்காரர் தெரு எண்ணைப் பார்த்து வந்து மணிப் பலகையில் பெயரைத் தேடுகிறார். பெயர் இல்லை என்றால் பதிவுத் தபால் திரும்பிவிடும். வீட்டுக்காரர் பெயரும் முன்னால் குடியிருந்தவர் பெயரும் அங்கே இருந்தால், அவற்றுக்குக் கீழே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி, மேலே கண்ணாடி டேப். சிசிலி வெயிலுக்குப் பேனா மை வெளுத்துவிடும், அதனால் அச்சடித்தே ஒட்டுங்கள்.

நாள் 6, வெள்ளி

பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ, தங்கும் அனுமதி. புதன்வரை கெடு இருந்தாலும் வெள்ளிக்கே போவது ஏனென்றால், ஒரு தாள் குறைந்து திருப்பி அனுப்பினால் திங்கள், செவ்வாய் கையில் இருக்கும்.

ஸ்போர்தெல்லோ அமீகோ என்ற சாளரம் உள்ள அஞ்சல் நிலையத்தில் இதற்கான உறையை இலவசமாகத் தருகிறார்கள். முந்தின நாளே வாங்கி வந்து வீட்டில் நிரப்புங்கள். சின்ன அஞ்சல் நிலையங்கள் காலை 8:20-க்குத் திறந்து மதியம் 1:35-க்கு மூடிவிடும். பெரியவை மாலை 7:05 வரை.

மாணவர் நிரப்ப வேண்டியது முதல் படிவம் மட்டும். கறுப்பு மை, பெரிய எழுத்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உள்ளே வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், விசா, முத்திரை விழுந்த பக்கங்கள் ஆகியவற்றின் நகல், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், பணம் இருப்பதற்கான சான்று, மருத்துவக் காப்பீடு, வீட்டு ஒப்பந்தம். எல்லாமே நகல். அசல் எதையும் உறைக்குள் வைக்காதீர்கள், ஆனால் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள், சாளரத்தில் பார்த்துவிட்டுத் தருவார்கள்.

செலவு மூன்று துண்டாக வரும். கறுப்பு அல்லது நீலப் பின்னணியில் வெள்ளை ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி என்ற புகையிலைக் கடையில் 16 யூரோவுக்கு மார்க்கா தா போல்லோ என்ற வரிவில்லை. ஓராண்டு வரையிலான அனுமதிக்கு 70.46 யூரோ, அச்சடித்த செலான் வழியாக. அஞ்சல் சேவைக்கு 30 யூரோ. மொத்தம் 116.46.

அடிக்கடி நடக்கும் தவறு, உறையை ஒட்டிக் கொண்டுபோவது. உறை திறந்தே இருக்க வேண்டும். ஊழியர் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்துத்தான் மூடுவார். ஒட்டிப்போனால் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டிவரும்.

திரும்பக் கிடைப்பவை இரண்டு. ஒன்று ரசீது, அதில் இணையத்தில் நிலவரம் பார்க்கப் பயனர் எண்ணும் கடவுச்சொல்லும் இருக்கும். மற்றது காவல்துறை அலுவலகமான க்வெஸ்தூராவில் கைரேகை கொடுக்க வேண்டிய நாள். அன்றைக்கு அசல்கள் எல்லாமும் பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கும் வேண்டும். அட்டை வந்துசேர மாதங்கள் ஆகும். அதுவரை ரசீதுதான் உங்கள் ஆதாரம், மடிக்காமல் நெகிழி உறையில் வையுங்கள். விசா முடிந்தபின் வெறும் ரசீதோடு ஜெர்மனி, பிரான்ஸ் வழியாக ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். மற்ற ஷெங்கன் நாடுகளைக் கடக்க அது செல்லாது.

நாள் 7, சனி

பல்லாரோ சந்தை, வளாகத்திலிருந்து நடை தூரம். கூவி விற்பதற்கு இங்கே அப்பன்னியாத்தா என்று பெயர். பாட்டுப்போல இழுத்து ஒரு கடைக்காரர் நிறுத்த, அடுத்தவர் எடுப்பார். சிசிலியர் கடைகளுக்கு நடுவே வங்காளதேசத்தார் கடைகளும் ஈழத்தமிழர் கடைகளும். 1980-களிலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துத் தமிழர்கள் இந்த ஊரில் வேர்விட்டிருக்கிறார்கள். பருப்பும் மிளகாய்த் தூளும் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் உள்ளூர்க் காய்களை விட்டுவிடாதீர்கள். கோடை முடியும்வரை தெனெரூமி என்று பச்சைக் கட்டுகள் குவிந்திருக்கும், குக்கூத்சா கொடியின் தளிர். அந்தக் காய் நம்முடைய சுரைக்காயேதான், பாம்புபோல நீண்ட வகை. இங்கே தளிரை உடைந்த பாஸ்தாவோடும் தக்காளியோடும் கஞ்சிப் பதமாகக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். பாசிப்பருப்போடு கூட்டு வைத்தாலும் அருமையாக இருக்கும்.

மலிவாக வயிறு நிறைய வேண்டுமென்றால் பனெல்லே. கொண்டைக்கடலை மாவில் செய்த மெல்லிய வில்லை, எண்ணெயில் பொரித்து எள் தூவிய பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் இதுதான் துணை. வீட்டில் செய்ய 250 கிராம் மாவுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், சுடுநீர் ஊற்றினால் கட்டி தட்டிவிடும். உப்புப் போட்டு, வடிகட்டி, நடுத்தரத் தீயில் கை விடாமல் கிளறுங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று இறுகும். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும் பதத்தில் நறுக்கிய பார்ஸ்லியைச் சேர்த்து இறக்கி, உடனே தட்டின் பின்புறத்தில் அரை சென்டிமீட்டருக்கும் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் பரவாது. ஆறியதும் வெட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் பொரியுங்கள். எண்ணெயில் போட்டதும் பிரிந்து போனால் கிளறியது போதவில்லை என்று பொருள்.

நாள் 8, ஞாயிறு

அலுவலகங்கள் மூடிய நாள், ஊரைப் பார்க்கலாம். அரண்மனைக்குள் இருக்கும் பலாத்தீனா சிற்றாலயத்தில் ஞாயிறு காலைப் பூசை நேரத்தில் பார்வையாளரை விடமாட்டார்கள். நார்மன் அரசர் இரண்டாம் ரொஜேரோ கட்டியது அது. பைசாந்தியப் பொன் மொசைக்குக்கு மேலே அரபுத் தச்சர்கள் குடைந்த மரக்கூரை. புவியியல் அறிஞர் அல் இத்ரீசி 1154-ல் உலகப்படம் முடித்துக் கொடுத்ததும் இதே அரசருக்குத்தான்.

நாங்கள் பரிந்துரைப்பது ஸ்தேரி மாளிகை, ஏனென்றால் அது உங்கள் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம். 1600 முதல் 1782 வரை இன்குவிசிஷன் என்ற கத்தோலிக்கச் சமய விசாரணை மன்றம் இங்கே இருந்தது. அறைச் சுவர்களில் கைதிகள் வரைந்து வைத்ததைப் பித்ரே என்ற நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் 1906-ல் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியிலிருந்து வெளிக்கொண்டு வந்தார். தரையிலிருந்து சுரண்டிய செங்கல் பொடியைக் குழைத்துத் தீட்டிய புனிதர்கள், சிசிலித் தீவின் வரைபடம், சிசிலி மொழியில் கவிதை. சிவப்பு மங்கவில்லை. மேலே அலுவலகத்தில் துணைவேந்தர் கையெழுத்திடுகிறார், கீழே இந்தச் சுவர். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும்.

நாள் 10, செவ்வாய்

வகுப்புகள். பெரும்பாலான துறைகள் வியாலே தெல்லே ஷியென்ட்சே வளாகத்தில். கால அட்டவணையில் தெருப் பெயர் இருக்காது, கட்டட எண்தான் இருக்கும். சட்டத் துறை பழைய நகரத்தின் மக்வேதா தெருவில். ஒன்பது மணி என்று போட்டிருந்தால் ஒன்பதேகாலுக்குத் தொடங்குவார்கள். இதற்குக் கல்விக் கால்மணி என்றே பெயர், அது சோம்பலால் வந்ததல்ல, ஊறிய மரபு. தேர்வு நாளுக்கு அந்தக் கால்மணியை நம்பாதீர்கள்.

ஒரு கிரெடிட் என்பது 25 மணி நேர உழைப்பு, வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து. மதிப்பெண் 30-க்கு, தேர்ச்சி 18. உச்சம் 30-உம் அதற்கு மேல் லோதே என்ற பாராட்டும்.

நம் பிள்ளைகள் திணறுவது வாய்மொழித் தேர்வில். எழுதிக் குவித்துப் பழகிய கைக்கு இங்கே வேலை குறைவு. மேசைக்கு எதிரே பேராசிரியர், பக்கத்தில் உதவியாளர், பின்னால் மற்ற மாணவர்கள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் விரிவானது: உங்களுக்குப் பிடித்த தலைப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் தொடர்ந்து பேசத் தெரிய வேண்டும், வரையறையை ஒப்பித்துவிட்டு நிறுத்தினால் விழித்துக்கொண்டு இருப்பீர்கள். தேர்வு எல்லோருக்கும் திறந்தது என்பதால், உங்கள் முறைக்கு முந்தைய தேர்வு நாளில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஒவ்வொரு பேராசிரியரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இரண்டு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். கொடுத்த மதிப்பெண் பிடிக்கவில்லை என்றால் பணிவாக மறுத்துவிட்டு அடுத்த முறை வரலாம். பேராசிரியரை ‘லேய்’ என்றுதான் விளிக்க வேண்டும், நம்முடைய ‘நீங்கள்’ போல. ‘நீ’ என்று பொருள்படும் ‘தூ’ போட்டால் முகம் மாறும்.

தேர்வுக்கு இணையத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாதவர் நேரில் போய் நின்றும் பயனில்லை.

இதில் தங்கும் அனுமதியும் கட்டுண்டு கிடக்கிறது. முதல் புதுப்பித்தலுக்குக் குறைந்தது ஒரு தேர்வில் தேறியிருக்க வேண்டும், அதன்பின் ஆண்டுக்கு இரண்டு. மொழி பிடிபடட்டும் என்று முதலாண்டு முழுவதும் தேர்வைத் தள்ளிப் போடுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஜனவரி–பிப்ரவரிப் பருவத்திலேயே சின்னத் தாள் ஒன்றை முடித்துவிடுங்கள். இத்தாலிய மொழிக்கு, பல்கலைக்கழகமே நடத்தும் இதாஸ்த்ரா பள்ளி சாந்த்அந்தோனீனோ சதுக்கத்தில் இருக்கிறது. பகுதிநேர வேலை வாரம் 20 மணி, ஆண்டுக்கு 1,040 மணி வரை செய்யலாம்.

நாள் 11, புதன்

கெடு நாள், வெள்ளிக்கே முடித்தவர்களுக்கு இன்று கவலையில்லை. காப்பீட்டைப் பார்க்கலாம். அரசு மருத்துவ சேவையில் மாணவர் விருப்பப் பதிவு 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. முன்பு 149.77 மட்டுமே, பழைய குறிப்புகளை நம்பி வருகிறவர்கள் திகைத்துப் போகிறார்கள். அந்தப் பதிவு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் ஆண்டுக்கு. அக்டோபரில் கட்டினாலும் டிசம்பர் 31-ல் முடிந்துவிடும். அதுவரை தனியார் காப்பீட்டில் ஓட்டிவிட்டு ஜனவரியில் பதிவதே சரி.

உதவித்தொகை தருவது எர்சு என்ற வட்டார அமைப்பு. விண்ணப்பம் கோடையிலேயே திறந்து மூடிவிடும், இங்கே வந்தபின் தொடங்கினால் பிந்திவிடும். குடும்பத்தின் வருமான, சொத்துச் சான்றுகள் இரண்டாண்டுக்கு முந்தைய கணக்கைக் காட்ட வேண்டும், போன ஆண்டுக் கணக்கை அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் சான்று முத்திரை) போட்டு எடுத்துவந்து பயனில்லை. இந்திய ஆவணத்துக்கு அப்போஸ்டில், அதன்மேல் இத்தாலிய மொழிபெயர்ப்பு, இந்த வரிசையில்.

நாள் 15, ஞாயிறு

மோந்தே பெல்லெக்ரீனோ. ஊரின் வடக்கே கடலை ஒட்டி எழும் மலை, உயரம் 600 மீட்டர் சொச்சம். 1624-ல் கொள்ளைநோய் ஊரை அழித்தபோது, இந்த மலைக் குகையில் கண்டெடுத்த எலும்புகளைப் புனிதர் சாந்தா ரொசாலியாவுடையவை என்று கொண்டாடி ஊர்வலமாக எடுத்துப் போனார்கள், நோய் தணிந்தது என்பது ஊராரின் நம்பிக்கை. ஜூலை 14-ல் பெரிய தேர்த் திருவிழா, செப்டம்பர் 3 இரவிலிருந்து மலையேற்றம்.

கல் பாவிய பழைய பாதையில் குகைக்கோயில் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நிழல் குறைவு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஷிரோக்கோ என்ற ஆப்பிரிக்க வெப்பக் காற்று வீசும் நாளில் ஏற வேண்டாம், பாறை அனலாகக் கொதிக்கும்.

ஞாயிறுகளில் இந்தப் பாதையில் தமிழ்க் குரல் கேட்கும். கத்தோலிக்கத் தமிழரும் இந்துத் தமிழரும் குடும்பமாக வருகிறார்கள், சிலர் செருப்பில்லாமல். குகைக்கு உள்ளே கூரையெங்கும் மெல்லிய உலோகத் தகடுகளை வளைத்து வளைத்து மாட்டியிருக்கிறார்கள். பாறை கசியும் நீர் அவற்றில் ஓடி ஓரிடத்தில் சொட்டுகிறது. அதைப் புனித நீராக எண்ணி நெற்றியில் தொட்டுக்கொள்கிறார்கள். குழந்தை வரம் கேட்டு, வேலை கேட்டு, தங்கும் அனுமதி கேட்டும் எழுதிய காகிதங்கள் கம்பிகளுக்குள்ளே கிடக்கின்றன.

இறங்கும்போது கல் வழுவழுப்பாக இருக்கும், முழங்கால் பலமில்லாதவர்கள் 812 பஸ்ஸில் போகலாம். டிக்கெட்டைக் கீழேயே தபாக்கியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏறியதும் முத்திரை குத்துங்கள்.